சண்டை போட்ட திருப்பம்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு எனக்கு எல்லாம் திரும்பி வந்தது, வழியைத் தவிர. முகங்கள் தெரிந்தன, பெயர்கள் தெரிந்தன, சாம்பாருக்கு எவ்வளவு புளி என்பதைக் கை மறக்கவில்லை. ஆனால் பொம்மனஹள்ளியில் எங்கள் தெருமுனைக் கடையில் பால் வாங்கிவிட்டுத் திரும்பினால், வீடு இடப்பக்கமா வலப்பக்கமா என்று தெரியாது. இரண்டு பக்கமும் அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோல இருக்கும். ஒருநாள் பால் பாக்கெட்டோடு நடுத்தெருவில் நின்று அழுதேன். கடைக்காரர்தான் வீடுவரை கொண்டுவந்து விட்டார்.

அதன்பிறகு என் கணவர் ரங்கா என்னைத் தனியாக விடவில்லை. அவருக்கு அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை. கிளம்பும்போது, "மங்களம், வெளிய போவாத. எதுனா வேணும்னா போன் பண்ணு, நான் வந்துடறேன்" என்பார். அதட்டிச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் பயந்துபோய்ச் சொன்னார். அதனால் வீட்டிலேயே இருந்தேன். கார்மென்ட்ஸ் வேலையை விட்டாயிற்று. காலையில் என்னோடு தைத்த பெண்கள் ஜன்னலுக்கு வெளியே பேசிக்கொண்டே போவார்கள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு மாலை அவரோடு நடந்துபோனபோது, டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைக் கண்டதும் என் கால் தானாக வலப்பக்கம் திரும்பியது.

"எப்டித் தெரிஞ்சுது?" என்றார்.

"இங்கதான நேத்து மாடு உன் கையிலருந்து வாழைப்பழத்தப் புடுங்கிச்சு!"

இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. ஏதாவது நடந்த இடம் தலைக்குள் நிற்கிறது. ஒன்றும் நடக்காத இடம்தான் வழுக்கிக்கொண்டு போகிறது. அப்படியானால் ஏதாவது நடக்க வைத்தால் போயிற்று.

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. ஒரு முனையில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்று கண்ணில் நீர் விட்டேன். ஒரு சுவரோரம் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தேன். மருந்துக்கடைத் திருப்பத்துக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"வா, இங்க ஒரு சண்டை போடலாம்" என்றேன்.

"எதுக்குடி?"

"அப்பதான் மறக்காது."

அவர் வேண்டாம் என்றார். அவர் தங்கச்சி என் கல்யாணப் புடவையைப் பற்றிச் சொன்னதை எடுத்தேன். நிஜமாகவே சண்டை வந்துவிட்டது. அந்தத் திருப்பம் அதன்பிறகு என்னை ஏமாற்றியதே இல்லை. அப்படியே ஒவ்வொரு இடமாகப் பிடித்து, பெரிய சாலையின் பஸ் ஸ்டாப் வரை வந்துவிட்டேன்.

என் அக்கா தமயந்தி அல்சூர் ஜோகுபாளையத்தில், நாங்கள் பிறந்து வளர்ந்த தெருவிலேயே, டிபன் கடை திறப்பதாகப் போன் செய்தாள். "வெள்ளிக்கிழமை காலைல. நீதான் தேங்கா ஒடைக்கணும்" என்றாள். அன்று பட்டறையில் அவசர வேலை, ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன் என்றார் ரங்கா. சரி என்று தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை அவர் போனதும் புடவை மாற்றிக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மருந்துக்கடைத் திருப்பம், பஜ்ஜி முனை, பஸ் ஸ்டாப். ஆதாரைக் காட்டிப் பெண்களுக்கான இலவச டிக்கெட் வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடிவாளா தாண்டும்வரை தைரியமாகவே இருந்தது. அடுகோடி வந்ததும் பஸ் நின்றது. முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

"பஸ் முந்தே ஹோகல்ல! எல்லாரூ இல்லே இளீரி!" என்று கண்டக்டர் கன்னடத்தில் கத்தினார். பஸ் இதற்கு மேல் போகாதாம். எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். கூட்டம் நான்கு பக்கமும் கலைந்துபோயிற்று.

எந்தப் பக்கம் பார்த்தாலும் புதிதாக இருந்தது. போனை எடுத்தேன். ரங்காவின் பட்டறை இங்கேதான் எங்கேயோ, கூப்பிட்டால் ஓடிவந்துவிடுவார். அதற்குப் பிறகு என்றைக்குமே என்னைத் தனியாக விடமாட்டார். விரல் பெயரின் மேலேயே நின்றது.

அப்போதுதான் எதிரே மூன்று படிகள் வைத்த பேக்கரியைப் பார்த்தேன். அந்தப் படியில் நான் நனைந்துகொண்டு நின்றிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால், ஒரு மழை நாளில், முதலாளியின் குடையோடு ரங்கா ஓடிவந்தார். குடை காற்றில் மடங்கிக்கொண்டது. இருவரும் தொப்பலாக நனைந்தோம். "என்ன கட்டிக்கிறியா?" என்று நடுங்கிக்கொண்டே கேட்டார். இந்த ஞாபகத்தை நான் பஜ்ஜி தின்று வைக்கவில்லை. அது பாட்டுக்கு இத்தனை வருஷம் அங்கே இருந்திருக்கிறது. அன்று அவர் என்னை ஜோகுபாளையம் வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டது பேக்கரிக்கு எதிர்ப்பக்கம், மரத்தடியில்.

போனைப் பைக்குள் போட்டேன். சாலையைத் தாண்டினேன். மரத்தடியில் பஸ் ஸ்டாப் இருந்தது. வந்த பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, "அல்சூர் போவுமா?" என்றேன். "ஏறும்மா!" என்றார் டிரைவர்.

அல்சூர் ஏரி கண்ணில் பட்டதும் எனக்குச் சத்தம் போடவேண்டும்போல இருந்தது. இறங்கியதிலிருந்து ஒவ்வொரு சந்தும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. இங்கே முட்டி பெயர்ந்தது. இங்கே ரேஷன் வரிசையில் மயங்கி விழுந்தேன். இந்த வீட்டில் பிரிஜெட் டீச்சர் கேக் கொடுப்பார். யாரையும் வழி கேட்காமல், நடையும் ஓட்டமுமாகப் போனேன்.

தமயந்தி வாசலில் கோலத்துக்குக் காவி தீட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் என் பின்னால் எட்டிப் பார்த்தாள். "ரங்கா எங்க?"

"வேலைக்குப் போயிருக்காரு."

"அப்ப யார் கூட வந்த?"

"நான் வந்தேன்க்கா. நானே வந்தேன்."

காவிக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள். புடவை பாழாயிற்று. தேங்காய் ஒரே அடியில் உடைந்தது.

ரங்காவுக்கு நானே போன் செய்தேன். அரைமணிக்குள் கிரீஸ் கையோடு வந்து நின்றார். நடந்ததைச் சொன்னேன்.

"அடுகோடில நின்னியா? ஏன் என்ன கூப்டல?"

"கூப்டா நீ வந்துருப்பியே."

அவருக்குக் கண் கலங்கியது. பிறகு இட்லி தின்றுகொண்டிருந்தவர்களைப் பார்த்து, "என் பொண்டாட்டி சார்! பொம்மனஹள்ளிலருந்து தனியா வந்திருக்கா!" என்று உரக்கச் சொன்னார். விஷயம் புரியாமலே நாலு பேர் கை தட்டினார்கள்.

சாயங்காலம் அவர் ஸ்கூட்டரைக் கிளப்பி, பின் சீட்டைத் துடைத்தார்.

"நீ போய்யா" என்றேன். "போய்ச் சோத்த வை. நான் பஸ்ல வர்றேன்."