'ரேஸ்' என்று எழுதியது நான்தான்

நைரோபியில், உமோஜாப் பக்கம் இருக்கிற கவிரா அக்காவின் கேம் கடைச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டைகளில் பாதி என் கையெழுத்து. ஒரு கேம் பிடித்துப்போனால் அதன் பெயர், அது என்ன வகை, எதற்காக விளையாட வேண்டும் என்று ஒரு வரி, இவ்வளவையும் அட்டையில் எழுதி ஒட்டுவோம். வருகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் எதை விளையாடுவது என்று முடிவு செய்வார்கள். வகை தப்பு என்று யாராவது கொடி பிடித்தால் விவாதம் நடக்கும். அதற்கு ஒரே சட்டம்: கேமைக் கடைசிவரை முடித்தவர்தான் வாயைத் திறக்கலாம். முடிக்காமல் பேசினால் கடையில் இருக்கும் அத்தனை பேருக்கும் எண்ணெயில் பொரித்த மந்தாஸிப் பணியாரம் வாங்கித் தர வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவனும் நான்தான். கதோகோ சொன்னால் சரியாக இருக்கும் என்று நாலு பேர் சொல்லப்போய், எனக்குத் தலைகால் புரியவில்லை.

மும்புவா எங்கள் கடையில் வந்து விளையாடி வளர்ந்தவள். மூன்று வருடம் ஒண்டியாக உட்கார்ந்து சொந்தமாக ஒரு கேம் செய்திருந்தாள். பெயர், 'எறங்க யாரு இருக்கீங்க?'. நம் ஊர் மத்தாத்து மினி பஸ்ஸின் கண்டக்டருக்கு ஒரு நாள் முழுக்க நடப்பதுதான் கேம். வியாழக்கிழமை அதைக் கடையின் மூன்று கம்ப்யூட்டரிலும் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தாள்.

"கதோகோ, மொம்பாசால சித்தி எனக்குத் துறைமுக ஆபீஸ்ல வேலை பாத்து வச்சிருக்காங்க. திங்கக்கிழமை சேரணும். சனிக்கிழமைக்குள்ள மூணு பேர் இதைக் கடைசிவரை விளையாடினா நான் போகலை. மூணே பேர். இல்லைன்னா இந்தப் பைத்தியக்காரத்தனத்தை இதோட விட்டுடறேன்."

"மூணு என்ன, முப்பது பேரு விளையாடுவான் பாரு," என்றேன் ரொம்பப் பெரிய மனுஷன் மாதிரி.

பத்து நிமிடம் விளையாடினேன். வண்டி ஓடியது, ஹாரன் அடித்தது, பாட்டு அதிர்ந்தது. அட்டையை எடுத்து வகை என்ற இடத்தில் 'ரேஸ்' என்று எழுதி ஒட்டினேன். ரேஸ் என்றால் கூட்டம் வரும் என்று ஒரு கணக்கும் உள்ளுக்குள் இருந்தது.

கூட்டம் வந்தது, அதில் குறையில்லை. சனிக்கிழமை மதியம் ஒடேரா தன் கூட்டாளிகளோடு வந்து இறங்கினான். ரேஸ் கேம் என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவனுக்கு. உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் கத்த ஆரம்பித்தான்.

"டேய், ஸ்டியரிங் எங்கடா? என்னையக் கதவுல தொங்க விட்டிருக்கான்!"

"நீ கண்டக்டர்டா," என்றான் பக்கத்தில் இருந்த பராசா.

"கண்டக்டரு எந்த ஊர்ல ரேஸ் ஓட்டுவான்? எவன்டா இந்த அட்டையை எழுதினது? கேமே குப்பை!"

எழுந்து போய் அட்டையைத் திருப்பி ஒட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். மூலையில் டீயோடு உட்கார்ந்திருந்த மும்புவா சிரிக்கவில்லை. நேராக என்னிடம் வந்தாள்.

"நீ முடிச்சியா?"

"ம்... ஆச்சு."

"கடைசில டிரைவர் என்ன கேப்பான்?"

நான் சுவரில் இருந்த அட்டைகளை நேராக்க ஆரம்பித்தேன். அவள் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "நீயே முடிக்கலை," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள்.

அவ்வளவு கேவலமாக நான் என்றைக்கும் உணர்ந்ததில்லை. நாற்காலி மேல் ஏறி நின்றேன்.

"எல்லாரும் கேளுங்க! அந்த அட்டை பொய். பத்து நிமிஷம் பாத்துட்டு நான்தான் எழுதினேன். இன்னைக்கு மந்தாஸி என் கணக்கு. ஆனா ஒடேரா, நீயும் முடிக்காமத்தான் குப்பைன்னே. அடுத்த ரவுண்டு உன் கணக்கு. வகை தப்புன்னு சொல்லணும்னா முடிச்சிட்டு வந்து சொல்லு."

ஒடேராவை அடித்தாலும் பொறுத்துக்கொள்வான், வாயை மூடச் சொன்னால் பொறுக்க மாட்டான். "முடிச்சுக் காட்டுறேன்டா! முடிச்சிட்டு உன்னையக் கிழி கிழின்னு கிழிக்கிறேன்," என்று மறுபடி உட்கார்ந்தான். பராசா இரண்டாவது கம்ப்யூட்டரைப் பிடித்தான். மூன்றாவதில் நான். வாசலில் கவிரா அக்கா மும்புவாவின் பையைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். "எங்கடி ஓடுற? டீ ஆறுது, குடி."

அந்தக் கேமில் ஏறுகிறவர்கள் எங்கே இறங்க வேண்டும் என்று ஒரே ஒரு தடவைதான் சொல்வார்கள். எழுதி வைக்க இடம் கிடையாது, மனதில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சேவலோடு ஏறிய ஒரு ஆளை நான் மறந்தே போனேன். அவர் இறங்க வேண்டிய கரியோபாங்கி ஸ்டாப் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அவர் திட்டவில்லை. இறங்கி, வந்த வழியே திரும்பி நடந்தார். பின்கண்ணாடியில் அவர் ரொம்ப நேரம் தெரிந்துகொண்டே இருந்தார்.

"ஐயோ, ஆஸ்பத்திரி ஸ்டாப்பு! அந்தப் புள்ளத்தாச்சிப் பொண்ணு!" என்று ஒடேரா தலையில் அடித்துக்கொண்டான். யாரும் கேட்காமலே முதலிலிருந்து தொடங்கினான்.

பராசா நாலரை மணிக்கு முடித்தான். ஐந்துக்கு ஒடேரா. இருவரும் இடத்தைவிட்டு எழாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக என் வண்டியும் காலியானது. டிரைவர் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "நீ எங்க எறங்கணும்?" பதில் எழுத ஒரு வெற்றுக் கட்டம். நாள் முழுக்க அத்தனை பேரின் இடத்தையும் சுமந்தவனிடம் முதல் முறையாக ஒருவன் கேட்கிறான். எனக்கு அழுகை வந்துவிட்டது. கூச்சப்படாமல் அழுதேன். பிறகு 'வீட்டுல' என்று எழுதினேன்.

"முடிச்சிட்டேன், இப்பப் பேசுவேன்," என்று ஒடேரா எழுந்தான். "இது பயமுறுத்துற கேம்டா. பேய்கூட என்னைய இப்படி நடுங்க வச்சதில்ல."

"போடா. இது புதிர். முழுக்க ஞாபக சக்தி," என்றான் பராசா.

"ரெண்டும் இல்ல, இது கதை," என்றேன் நான்.

பிடித்துக்கொண்டது சண்டை. வேடிக்கை பார்த்தவர்களுக்கு வாய் அரித்தது. பேச வேண்டுமானால் முடிக்க வேண்டுமே. மூன்று கம்ப்யூட்டருக்கும் பின்னால் வரிசை நின்றது. எண்ணினேன், பதினொரு பேர்.

"பண்ணவ நீதானே? நீயே சொல்லும்மா, இது என்ன வகை?" என்று கவிரா அக்கா கேட்டாள்.

மும்புவா அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்ல மாட்டேன் அக்கா. சொல்லிட்டா எழுந்து போயிடுவாங்க."

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். இரைச்சலுக்கு மேல் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"சித்தி, திங்கக்கிழமை நான் வரலை... சத்தமா? ஒண்ணுமில்ல சித்தி, சண்டை போடறாங்க... ஆமா, என் கேமுக்காகத்தான்!"