பத்து நிமிட வெயில்

பன்னிரண்டாம் நாள் காலையில் வெல்டரின் கண்ணில் ஓர் ஓட்டை பட்டது. ஜன்னலின் மேல் மூலையில், திரை எட்டாத இடுக்கில், தகரமும் மரச்சட்டமும் சேரும் இடத்தில், குண்டூசி முனையளவு வெளிச்சம். அது எதிர்ச்சுவரில் விழுந்து, சுண்டுவிரல் நகமளவு பெருத்து, மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் அவருக்கு. கட்டில் மேல் ஏறி நின்று, கறுப்பு டேப்பைப் பல்லால் கடித்துக் கிழித்து இரண்டு பட்டை ஒட்டினார். வெளிச்சம் ஒழிந்தது. இறங்கி உட்கார்ந்த பிறகுதான், இன்றைக்கு இனிமேல் செய்ய வேறு வேலை எதுவும் இல்லை என்பது உறைத்தது.

மூத்திரப் பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில், இடது பக்கம் மட்டும் புற்றுநோய். அதற்கு அவருக்கு நடந்தது வெளிச்ச வைத்தியம். முதலில் நரம்பு வழியாக ஒரு மருந்தை ஏற்றினார்கள். அந்த மருந்து தானாக எதுவும் செய்யாது. வெளிச்சம் பட்டால்தான் விழித்துக்கொண்டு பக்கத்தில் இருப்பதைத் தீர்த்துக்கட்டும். அல்ட்ராசவுண்டில் வழி பார்த்துப் பார்த்து, மயிரிழை போன்ற கம்பிகளைக் கட்டிக்குள் செருகி, சிவப்பு வெளிச்சத்தைப் பாய்ச்சினார்கள். இதே போல மருந்தைச் சத்தத்தால் எழுப்புகிற வைத்தியமும் ஆராய்ச்சியில் இருக்கிறது என்றார் டாக்டர். "சத்தத்துக்கும் வெளிச்சத்துக்கும் என் பட்டறையில பஞ்சமே இல்ல டாக்டர், அங்கயே படுத்துக்கவா?" என்று வெல்டர் கேட்டார். டாக்டர் சிரித்தார், ஆனால் பாதிதான். ஏனென்றால் மருந்துக்கு எந்த வெளிச்சம் என்ற பேதம் தெரியாது. சில வாரங்களுக்கு அது தோலிலும் கண்ணிலும் தங்கியிருக்கும். வெயில் பட்டால் தோல் வெந்து கொப்பளித்துவிடும்.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து, உட்கார்ந்து படித்துக் காட்ட ஆரம்பித்தார். வெல்டர் அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "வெளிச்சத்தப் பத்தி எனக்குப் பாடமாம்மா? முப்பத்தொரு வருஷமா அதுலதான் சோறு திங்கிறேன்." அந்தத் தாளை அவர் பிறகும் பிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த அன்றே ஜன்னலைத் தகரத்தால் அடைத்தார், சாவித் துவாரத்தில் மெழுகை அப்பினார், கதவிடுக்குக்குத் துணியைத் திரித்துச் செருகினார், போன் சார்ஜரின் பச்சைப் புள்ளியைக்கூட விட்டுவைக்கவில்லை. மேலே கறுப்புத் துணியில் இரட்டைத் திரை. அதைத் தைத்துக் கொடுத்தவள் அவருடைய மனைவி. முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஊருக்கெல்லாம் துணி தைப்பவள். "இவ்வளவு இருட்டு வேணுமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். "உனக்குத் தெரியாது" என்றார்.

அந்த இருட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கட்டிலிலிருந்து கதவுக்கு ஏழு தப்படி. திரும்பி வர ஆறரை. ஒன்றுக்குப் போனால் இன்னமும் எரிந்தது. படுத்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் படுக்கத் தோன்றியது. முன்னறையில் மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே அவள் நீளத் தையல் போடுகிறாளா, ரவிக்கைக் கையை வளைத்துத் தைக்கிறாளா என்று சொல்லிவிடுவார். சத்தம் நின்றால் நடையை நிறுத்திக் காது கொடுப்பார். எழுந்து வருகிறாளோ? வந்து எதையாவது கேட்பாளோ? அவள் சாப்பாட்டைக் கதவருகே வைத்துவிட்டுப் போய்விடுவாள். மறுபடி மெஷின் ஓடும். அப்பாடா என்றிருக்கும், உடனே அப்படி இருந்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வரும்.

அவர் பயந்தது ஒரே ஒரு கேள்விக்குத்தான். டாக்டர் எல்லா வழிகளையும் பேசிய அன்று, "நீ வெளியில உக்காரு, ஆம்பளைங்க சமாசாரம்" என்று அவளை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனார். முழுச் சுரப்பியையும் அறுத்து எடுப்பது ஒரு வழி என்றார் டாக்டர். வெளிச்ச வைத்தியத்தில் கட்டி இருக்கும் பக்கம் மட்டும்தான் கருகும். மிச்சம் உள்ளேயே இருக்கும், கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும், திரும்ப வந்தாலும் வரலாம். அறுவையில் வேறு சங்கடங்கள் உண்டு. அவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். வெல்டர் அங்கேயே பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து, "இது ஒண்ணுதான் வழியாம்" என்று மனைவியிடம் சொன்னார். அவள் நம்பினாள். அதுதான் அவரை அரித்தது.

பகல் பதினோரு மணிக்கு முன்னறையில் போன் அடித்தது. அவள் மடியில் துணி கிடந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மெஷின் மேல் வைத்தாள். நர்ஸ்தான். ஐயா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். "இருட்டுலயே இருக்காரு. நீங்க சொன்ன மாதிரி ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லாம" என்று இவள் பெருமையாகச் சொன்னாள்.

"அய்யய்யோ, யாரும்மா அப்படிச் சொன்னது? வெயில்தான் ஆகாது. வீட்டுக்குள்ள சாதா பல்பு வெளிச்சத்துல இருக்கணும். அதுலதான் தோல்ல இருக்கிற மருந்து கொஞ்சம் கொஞ்சமாக் கரையும். கும்மிருட்டுல வச்சா அது அப்படியே கிடக்கும். தாள்ல ரெண்டாவது வரியே அதானேம்மா!"

வெல்டர் கதவுக்குப் பின்னால் கல்லாக நின்றார். முப்பத்தொரு வருஷம்! பட்டறையில் யார் காதிலாவது விழுந்தால் ஆயுசுக்கும் ஓட்டுவார்கள். ஆனால் நர்ஸ் இன்னும் முடிக்கவில்லை.

"ஐயா பயந்துட்டாரு போல. பரவால்லம்மா. ஆபரேஷன் வேண்டாம், இதுதான் வேணும்னு அவரே கேட்டு எழுதிக் குடுத்ததுதானே, கொஞ்சம் பொறுமையா இருந்தா சரியாயிடும். எதுக்கும் இன்னும் ஒரு மாசம் வெயில் வேண்டாம். அப்புறம் கைய மட்டும் சோதிச்சுப் பாக்கணும், அதையும் சொல்றேன்…"

மெஷின் ஓடவில்லை. நர்ஸ் சொல்லி முடித்தார், இவள் "சரிங்க" என்றாள், போன் நின்றது. கதவு திறந்தது. அவள் கையில் தையல் பிரிக்கும் கத்தி. அவரைப் பார்க்காமல் நேராக ஜன்னலுக்குப் போய், தான் போட்ட தையலைத் தானே பிரித்து, கறுப்புத் திரையைக் கீழே தள்ளினாள். தகரத்தைத் தொடவில்லை. முன்னறை பல்பின் மஞ்சள் வெளிச்சம் கட்டில் வரைக்கும் வந்தது. பன்னிரண்டு நாளில் அவள் முகத்தை அவர் சரியாகப் பார்த்தது அப்போதுதான்.

"முழுசா எடுத்துடலாம்னு சொன்னாங்களா?"

"அதுவும் ஒரு வழின்னு சொன்னாங்க."

"எங்கிட்ட வேற வழியே இல்லன்னு சொன்னீங்க."

அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். "எடுத்தா மூத்திரம் ஒழுகும்னாங்க. எல்லாருக்கும் இல்ல, சில பேருக்கு. சாரத்து மேல ஏறி நிக்கிறவன் நான். அப்புறம்… நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிறதும் போயிடலாம்னாங்க."

"நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல இருக்கிறத நீங்க ஒரு ஆளாப் போய் முடிவு பண்ணிட்டு வந்துட்டீங்க." குரல் உயரவில்லை. "எங்கிட்ட கேட்டிருந்தா, போனாப் போகுதுன்னு நான் சொல்லிடுவேனோன்னு பயந்தீங்களா? இல்ல, வேணும்னு சொல்லிடுவேனோன்னு பயந்தீங்களா?"

இரண்டும்தான் என்று சொல்லியிருக்கலாம். அது அவள் மெஷினுக்குத் திரும்பிப் போய் வெகுநேரம் கழித்துத்தான் தோன்றியது.

அடுத்த ஒரு மாதம் கதவு திறந்தே கிடந்தது. அவர் முன்னறையில், வெயில் எட்டாத மூலையில், பல்பின் கீழே, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவளிடம் துணி கொடுக்க வந்த பெண்கள் எல்லாரும், "உங்க வீட்டுக்காரருக்கு வேலைக்குப் போற எண்ணமே இல்லையா?" என்று வேடிக்கையாகக் கேட்டார்கள். அவள் சிரித்து மழுப்பினாள். அவரிடம் வேண்டியதை மட்டும் பேசினாள். தட்டைக் கதவருகே வைக்காமல் கையில் கொடுத்தாள். அவர் பொத்தான்களை நிறம் பிரித்தார், ஊசிகளை அடுக்கினார், கத்தரிக்கோலைச் சாணை பிடித்தார், திரும்பவும் பிடித்தார். போதும் என்று அவள் பிடுங்கி வைத்தாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தினமும் காலையில் நினைப்பார். சாயங்காலத்துக்குள் அந்தத் தைரியம் கரைந்துவிடும்.

குறித்த நாளன்று அவள் நூல்கண்டு வந்த காகிதப் பையை எடுத்து, நர்ஸ் சொல்லியிருந்தபடி நடுவில் நாணய அளவுக்கு ஓர் ஓட்டை வெட்டினாள். பையை அவர் வலது கையில் மாட்டி, மணிக்கட்டில் நூலால் கட்டினாள். ஓட்டை புறங்கை மேல் வந்தது. பின்கதவைக் கையளவு திறந்து, உடம்பெல்லாம் உள்ளே இருக்க, அவர் கையை மட்டும் வெளியே நீட்டினார். பத்து நிமிடம். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு வெயில். அது சுட்டதா, சுடுவது போல் அவருக்குத் தோன்றியதா, தெரியவில்லை. கால் கட்டைவிரல் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"ஆறு மாசத்துல மறுபடி டெஸ்ட்டுக்குக் கூப்பிடுவாங்கல்ல?" என்றாள்.

"ஆமா."

"நான் வெளிய உக்கார மாட்டேன்."

"வேண்டாம்," என்றார். பிறகு, தப்பாக எடுத்துக்கொள்வாளோ என்று பதறி, "வெளிய உக்கார வேண்டாம். உள்ளயே வா" என்றார். அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

நேரம் ஆனதும் பையைக் கழற்றினாள். கழற்றுவதற்கு முன்பே, தையல் சாக்கட்டியால் ஓட்டையைச் சுற்றி அவர் தோலில் ஒரு வட்டம் போட்டுவிட்டாள். அடுத்த நாள் இதே நேரம் வரைக்கும் அந்த வட்டத்தைக் கவனிக்க வேண்டும். சிவந்தாலோ வீங்கினாலோ மருந்து இன்னும் போகவில்லை. வட்டத்துக்குள் ஏற்கெனவே மூன்று வடு இருந்தது, வெல்டிங் பொறி விழுந்து பொசுங்கியவை.

"இந்த மூணும் பழசு" என்றார் அவசரமாக.

"தெரியும். எது எப்ப வந்துச்சுன்னுகூடத் தெரியும்."

அன்று அவர் வலது கையை எதிலும் படவிடாமல், அடுத்தவர் பொருளைச் சுமப்பவர் போல நெஞ்சுக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தார். இடது கையால் அள்ளிச் சாப்பிட்டார். சாயங்காலம் அவள் மெஷினை நிறுத்திவிட்டு, "காட்டுங்க" என்றாள். அவர் நீட்டினார். சாக்கட்டிக் கோடு கொஞ்சம் மங்கியிருந்தது. அவள் அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். அவள் மூச்சு அந்த இடத்தில் பட்டது.

"செவந்திருக்கா?" என்றார்.

அவள் வட்டத்தின் ஓரத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி எடுத்தாள். திரும்பவும் அழுத்தினாள்.

"சரியாத் தெரியல," என்றாள். "அந்த லைட்ட இன்னும் கொஞ்சம் கிட்ட கொண்டாங்க."

வெல்டர் இடது கையை நீட்டி, மெஷின் மேலிருந்த விளக்கின் கழுத்தைப் பிடித்து, தங்கள் இருவர் பக்கமாக வளைத்தார்.