நிரப்பாத எழுத்து

மலேசியாவின் சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் பன்னிரண்டு வருடம் பால் வெட்டிய மங்களம், 1983இல் ஈப்போ பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை பிடித்தாள். வாய்த் துடுக்குக்குக் குறைச்சல் இல்லாதவள். தீபாவளிக்குத் துணி எடுக்கத் தோட்டத்துப் பெண்கள் அங்கேதான் இறங்குவார்கள். தமிழில் பெயரைப் பார்த்தால் நேரே உள்ளே வருவார்கள் என்று நம்பினாள். வராவிட்டால் மறுபடியும் பால் வாளியைத் தூக்க வேண்டியதுதான்.

ஆனால் பலகையில் மலாய் எழுத்துதான் பெரிதாக இருக்க வேண்டும் என்பது விதி. தையல் கடை என்பதற்கு மலாயில் 'கெடாய் ஜாஹிட்' ஓரடி உயரத்துக்கு நின்றதும், தமிழுக்கு மிஞ்சியது நாலே அங்குலம்.

பலகை எழுதும் கஸ்பார் இரண்டு அட்டைகளில் 'மங்களம் தையல்' என்று எழுதி வந்தார். ஒன்றில் தடித்த எழுத்து, முழுச் சிவப்பு. மற்றதில் எழுத்தின் ஓரக்கோடு மட்டும். உள்ளே வெள்ளை, முனைகளில் கொடி போலச் சுருள்.

"என்னண்ணே, பாதியில விட்டுட்டீங்க?"

"முடிச்சாச்சுலா. பழைய பிஸ்கட் டின் மூடியில இங்கிலீஷ்ல இப்படித்தான் இருந்துச்சு. தமிழுக்குக் கொண்டாந்துட்டேன்."

"ஓட்டை எழுத்தா இருக்கு! கடையும் ஓட்டைன்னு நெனப்பாங்க. ரொப்புங்க."

சாலையைக் கடந்து போய் நின்று பார்த்தாள். "ரெண்டும் நல்லாத்தானே தெரியுது?"

கஸ்பார் சிரித்தார். "அது ஒன் பேரு. கண்ண மூடிக்கிட்டே படிப்ப. ஒன்னைத் தெரியாதவங்க படிக்கட்டும், பார்ப்போம்."

முதலில் சிவப்பு அட்டையைத் தொங்கவிட்டார். பத்து மணி பஸ்ஸிலிருந்து ஒன்பது பெண்கள் இறங்கினார்கள். நிமிர்ந்து பார்த்தார்கள், துணிக்கடைப் பக்கம் திரும்பிவிட்டார்கள். அந்தச் சின்ன உயரத்தில் 'ங்', 'ள' எல்லாம் வளைவு அடைத்துப்போய் வெறும் சிவப்புத் திட்டாகத் தெரிந்தன.

கஸ்பார் அசரவில்லை. அட்டையை மாற்றினார். ஓரக்கோட்டுக்கு நடுவே வெள்ளை இருந்ததால் ஒவ்வொரு வளைவும் தனியாகத் தெரிந்தது.

அடுத்தது கோலா கங்சார் பஸ். துணிப் பொட்டலத்தோடு இறங்கிய ஒரு பெண் நடுச்சாலையில் அப்படியே நின்றுவிட்டாள். டாக்சிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் காதிலேயே வாங்கவில்லை. உதடு அசைந்தது. "மங்... களம்... தையல்." படித்து முடித்ததும் நேரே கடைக்கு வந்தாள்.

"நான் முத்தம்மா. மங்களம்னு போட்டிருக்கே, அது யாரு? ரவிக்கை தைப்பாங்களா?"

மங்களம் குதிக்காத குறைதான். அப்படி ஒரு சந்தோஷம். தையல் மெஷின் இன்னும் பெட்டியைவிட்டே வெளியே வரவில்லை. அதனால் என்ன?

"நான்தான் மங்களம். உள்ள வாங்கக்கா, அளவு எடுத்துடலாம்!"

கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனவள், கதவண்டை நின்று திரும்பினாள்.

"அண்ணே, அந்த ஓட்டை எழுத்தையே பலகையில ஏத்துங்க. சுருக்கா லா, கடை தொறந்தாச்சு!"