பூஜை நாளில் ஏறிய தண்ணீர்

செல்வலட்சுமிக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. பஸ்ஸில் சீட் கிடைத்தால்கூட இரண்டு நிறுத்தத்துக்கு ஒரு முறை எழுந்து நின்றுகொள்வாள். எட்டயபுரம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரி. ஆசிரியர் பயிற்சி முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, இதோ கூப்பிடுவார்கள் அதோ கூப்பிடுவார்கள் என்று ஏழு வருஷம் காத்திருந்தாள். அரசாங்கம் கூப்பிடவில்லை. சுங்குவார்சத்திரம் பக்கம், வல்லம் தாண்டி உள்ளே இருக்கும் ஒரு ஊரின் நடுநிலைப் பள்ளி கூப்பிட்டது. அதுவும் அரசு வேலையாக இல்லை, பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்துக்கொண்ட தற்காலிக டீச்சராக.

கழகம் என்றதும் பெரிய கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். கழகம் என்றால் தலைவர் முனிரத்தினம், அவ்வளவுதான். அவர் இருக்கட்டும் என்றால் டீச்சர் இருக்கலாம், வேண்டாம் என்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஊருக்குத் திரும்பினால் அவளுக்குத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்குகிற வேலை காத்திருந்தது. பத்து வயதில் பார்த்த வேலை அது.

அது இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம். மழை கையை விரித்துவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரிக்குள் பையன்கள் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடினார்கள். அரசாங்கத்துக்குத் தண்ணீர் மேல் திடீர்ப் பாசம் பொங்கி, பள்ளிகளுக்கெல்லாம் சுற்றறிக்கை வந்தது: மாணவர்களுக்குத் தண்ணீர்ச் சிக்கனம் கற்பிக்க வேண்டும், ஐப்பசியில் கண்காட்சி நடத்த வேண்டும். மற்ற பள்ளிகளில் சொட்டுகிற குழாய் ஒன்றை வரைந்து சுவரில் ஒட்டிக் கடமையை முடித்துக்கொண்டார்கள். சும்மா இருக்கத் தெரியாத செல்வலட்சுமி பிள்ளைகள் கையில் கயிற்றைக் கொடுத்தாள்.

ஊரில் வீட்டுக் கிணறுகள் ஐந்து. ஆறாவது, ஏழாவது பிள்ளைகளை ஐந்து குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு கயிறு. சாணுக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஒரு கல். தினமும் காலையில் கல் தண்ணீரைத் தொடும்வரை இறக்கி, எத்தனை முடிச்சு உள்ளே போயிற்று என்று நோட்டில் எழுத வேண்டும்.

“உத்தேசமா எழுதக் கூடாது. கயிறு என்ன சொல்லுதோ அதைத்தான் எழுதணும். லீவு நாளும் எழுதணும். எழுதுனதை அழிக்கவே கூடாது, கேட்டியளா?” என்றாள்.

அவள் தமிழைக் கேட்டுப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு. ஆனால் கயிறு பிடித்துப்போய்விட்டது. விடிந்ததும் விடியாததுமாகக் கிணற்றடியில் போய் நின்றார்கள். முடிச்சை எண்ணுவதில் ஒருத்தனை ஒருத்தன் பிழை பிடித்துச் சண்டை போட்டார்கள். ஏழாவது படிக்கும் தேவிப்பிரியாவுக்கு முத்து முத்தான கையெழுத்து. ஐந்து கிணற்றுக் கணக்கையும் வாங்கி ஒரு சார்ட் தாளில் ஐந்து நிறத்தில் கோடு போடுவது அவள் வேலை. தாளின் மேல் விளிம்புதான் கிணற்றின் வாய். தண்ணீர் இறங்க இறங்க முடிச்சு கூடும், கோடு இறங்கும். புரட்டாசி பிறந்ததிலிருந்து ஐந்து கோடும் படிக்கட்டில் இறங்குவது போல இறங்கிக்கொண்டே வந்தன.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று தேவிப்பிரியா தாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

“டீச்சர், இங்க பாருங்களேன். பூஜைக்கு மூணு நாளும் தண்ணி ஏறிகீது. அஞ்சு கெணத்துலயும்! அதுக்கப்பறம் மறுபடி எறங்கிட்ச்சி. மழையே பெய்யல, எப்பிடி டீச்சர் ஏறும்?”

ஐந்து கோடும் ஒரே இடத்தில் மேடு தட்டியிருந்தன. செல்வலட்சுமி தாளையே பார்த்தாள். அந்த மூன்று நாளும் ஊரில் என்ன நடந்தது என்று யோசித்தாள். என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. கம்பெனிகளுக்கும் லாட்ஜுகளுக்கும் தண்ணீர் விற்கிற முனிரத்தினத்தின் ஆறு தண்ணீர் லாரிகளும் கழுவிவிடப்பட்டு, வாழைக்கன்று கட்டி, சந்தனம் அப்பி, அவர் வீட்டு வாசலில் வரிசையாக நின்றன. இவளும் போய்ப் பொரியும் சுண்டலும் வாங்கித் தின்றுவிட்டு வந்தாள். சரஸ்வதி பூஜைக்கு ஒரு நாள், விஜயதசமிக்கு ஒரு நாள், டிரைவர்கள் தெளிந்து எழுந்திருக்க ஒரு நாள். மூன்று நாள் ஊர் ஏரிக்கரையோரம் அவர் லாரிக்கென்று வெட்டிய கிணற்றில் மோட்டார் ஓடவில்லை, லாரி நிரம்பவில்லை. ஊர்க் கிணறுகள் மூச்சு விட்டுக்கொண்டன.

அவள் தாளிலிருந்து கண்ணை எடுத்தாள். எதிரே நிற்பது முனிரத்தினத்தின் மகள்.

“நாளைக்குச் சொல்லுதேன்” என்றாள்.

அந்த நாளை வரவே இல்லை. தேவிப்பிரியா இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறையும் செல்வலட்சுமி வேறு பாடத்தை எடுத்தாள். கரும்பலகையில் பாதி எழுதிவிட்டு மீதியை மறந்து ஜன்னலோரம் போய் நின்றாள். ஜன்னலுக்கு வெளியே லாரி போயிற்று, வந்தது, மறுபடி போயிற்று. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினாள். முனிரத்தினம் ஒன்றும் கெட்ட மனுஷர் இல்லை, அதுதான் கஷ்டமே. பள்ளிக்கு ஃபேன் போட்டவர் அவர். பள்ளித் தொட்டியைத் தினமும் இலவசமாக நிரப்புவதும் அவர் லாரிதான்.

சுங்குவார்சத்திரத்தில் ஒரு லாட்ஜில் அவளுடன் அறையில் தங்கியிருந்த அன்னக்கிளி அதே சீமைக்காரி, கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒரு காலையில் செல்வலட்சுமி குளிக்கப் போய் வாளியை நிரப்பிவிட்டு, குளிக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த லாட்ஜுக்கு வருவதும் முனிரத்தினம் லாரித் தண்ணீர்தான். ஊரில் ஒரு குடத்தில் குளித்துத் துணியும் அலசியவள் இங்கே இரண்டு வாளி ஊற்றிக்கொள்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் அன்னக்கிளி அலுத்துக்கொண்டாள்.

“ஏட்டி, ஒனக்கு எதுக்கு இந்த வம்பு? வந்தமா, ரெண்டு பாடம் நடத்துனமா, போனமான்னு இரி. நீ சொல்லி எந்த லாரி நிக்கப்போவுது? ஒன் வேலைதான் நிக்கும்.”

சரியான பேச்சு. செல்வலட்சுமி அதைப் பிடித்துக்கொண்டாள். சார்ட்டை வைக்காமல் விட்டுவிடலாம் என்றால், தலைமையாசிரியர் சீனிவாசன் கல்வி அலுவலரிடம் அதைப் பற்றி ஏற்கனவே பெருமையடித்து வைத்திருந்தார். கண்காட்சிக்கு முந்தின நாள் பள்ளி விட்டதும் புதுத் தாள் ஒன்றை விரித்தாள். ஐந்து கோட்டையும் அப்படியே படியெடுத்தாள். பூஜை நாட்கள் வந்ததும் ஸ்கேலை வைத்து, இந்தப் பக்கப் புள்ளியையும் அந்தப் பக்கப் புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்தாள். மேடு போய்விட்டது. பழைய தாளைச் சுருட்டி பீரோவுக்குப் பின்னால் தள்ளினாள். திருட்டு வேலை இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மறுநாள் பள்ளி களைகட்டியது. பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், முதல் வரிசையில் கல்வி அலுவலர், பக்கத்தில் வெள்ளை வேட்டியில் முனிரத்தினம். அம்மாக்கள் பின்னால் கூட்டமாக நின்றார்கள். செல்வலட்சுமி பந்தலுக்கும் வகுப்புக்குமாகக் காரணமில்லாமல் பத்து முறை நடந்தாள்.

அலுவலர் ஒவ்வொரு படமாகப் பார்த்துவந்து சார்ட்டுக்கு முன் நின்றுவிட்டார். “பிரமாதம். இதுதான் படிப்பு” என்றார். சீனிவாசன் சார் முகம் மலர்ந்தது. அலுவலர் அத்தோடு போயிருக்கலாம். பக்கத்தில் நின்ற ஆறாவது படிக்கும் உதயசூரியனைப் பார்த்து, “தம்பி, உன் கிணறு இதுல எது?” என்று கேட்டார்.

உதயசூரியன் நீலக் கோட்டில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே வந்தான். சட்டென்று விரல் நின்றது.

“சார், இது தப்பு சார். பூஜை அன்னிக்கு எங்களுது நாப்பத்திரண்டு முடிச்சி. மறுநாளு நாப்பது. அதுக்கு மறுநாளு முப்பத்தொம்பது. நான்தான் சார் எறக்கினேன். இதுல நாப்பத்தஞ்சி கீது.”

“எங்களுதும் தப்பா கீது சார்!” என்றது இன்னொரு குரல். மற்ற குழுப் பிள்ளைகளும் நோட்டை விரித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு யார் மேலும் கோபம் இல்லை. கணக்குப் பிழையைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம், அவ்வளவுதான்.

“சார்ட் யார் போட்டது?” என்றார் அலுவலர்.

சொல்லிவிடு என்று செல்வலட்சுமிக்கு உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது. தீப்பெட்டி ஆபீஸின் மருந்து வாடை மூக்கில் வந்து நின்றது. அவள் வாய் திறப்பதற்குள் தேவிப்பிரியா முன்னே வந்தாள். புதுத் தாளில் இருப்பது தன் எழுத்தில்லை என்று அவளுக்குத் தெரியும். டீச்சர் முகத்தை ஒரு முறை பார்த்தாள். கைகளைக் கட்டிக்கொண்டாள்.

“நான்தான் சார். தப்பா போட்டுட்டேன்.”

முனிரத்தினம் நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார். “இன்னாடி இது? பாத்துப் போடக்கூடாது? ஆபீசர் முன்னால மானத்த வாங்கறியே!” என்று மகளின் காதைப் பிடித்துத் திருகினார். பெண்ணுக்குக் கண் கலங்கியது. ஆனால் டீச்சர் பக்கம் திரும்பவில்லை.

அதற்கு மேல் செல்வலட்சுமியால் தாங்க முடியவில்லை.

“அவ காதை விடுங்க, தலைவரே. அவ சரியாத்தான் போட்டிருந்தா. மாத்தினது நான்.”

சீனிவாசன் சார் கண்ணாலேயே வேண்டாம் என்று கெஞ்சினார். அவள் மேஜையிலிருந்து பென்சிலை எடுத்தாள். “வாசிங்க பிள்ளைகளா” என்றாள். பிள்ளைகள் கிணறு கிணறாகக் கணக்கை வாசித்தார்கள். வாசிக்க வாசிக்கப் புள்ளி வைத்து, அலுவலர் கண்ணெதிரே ஐந்து மேட்டையும் திரும்ப வரைந்தாள்.

“மழை இல்லாம தண்ணி எப்படிம்மா ஏறுச்சு?” என்றார் அலுவலர்.

“அந்த மூணு நாளும் தண்ணி லாரி ஓடல சார்.”

தேவிப்பிரியா காதைத் தேய்த்துக்கொண்டே சார்ட்டைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள்.

“நம்ம லாரியாப்பா?”

முனிரத்தினம் தோள் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். குரலை உயர்த்தாமல், ஊர் நலம் விசாரிப்பது போலவே கேட்டார்.

“உங்க ஊருக்கு பஸ் எத்தினி மணிக்கு டீச்சர்?”

எல்லோருக்கும் புரிந்தது. தலைமையாசிரியர் தலையைக் குனிந்துகொண்டார். அலுவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ராத்திரி எட்டரைக்கு” என்றாள் செல்வலட்சுமி.

பின்னால் நின்ற கூட்டத்தை விலக்கிக்கொண்டு உதயசூரியனின் அம்மா ஜெயலட்சுமி வந்தாள். ஊர் எழுவதற்கு முன் போய் ஊறுகிற தண்ணீரை வழித்து இறைத்து இறைத்துக் கை காய்த்துப் போனவள். சார்ட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தாள். முனிரத்தினம் இன்னும் அங்கேயே நிற்பதை அவள் கண்டுகொள்ளவில்லை.

“எனுக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். எங்க கெணறு எந்தக் கோடு? மொதல்லேர்ந்து இன்னொரு தபா சொல்லு.”

அவளுக்குப் பின்னால் மற்ற நாலு கிணற்றுப் பெண்களும் வந்து நின்றார்கள். செல்வலட்சுமி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நீலக் கோட்டில் விரலை வைத்தாள்.

“இதாம்மா உங்க கெணறு. இது மொத நாளு” என்று ஆரம்பித்தாள்.