முதல் பக்கத்தில் மார்லிஸ்

“வெள்ளைப் பக்கத்துல வெள்ளை எழுத்தா? யோவ், யாருக்குய்யா அது…”

“பக்கத்துல உன் பேரு இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லு.”

“…யாரு கண்ணுக்குத் தெரியும்? ஆந்தைக்குக்கூட…”

“இருக்கா இல்லையா?”

“இருக்கு! புதைச்ச பொணமுந்தான் ஊர்ல இருக்கு!”

மார்லிஸ் பூட்ஸைக் கழற்றாமல் பட்டறைக்குள் வந்திருந்தாள். மினசோட்டாவின் வடகோடியில், நவம்பர் மாதச் சேற்றில், பூட்ஸோடு அடுத்தவர் வீட்டுக்குள் வருகிறவர்கள் இரண்டே ரகம்: ஆம்புலன்ஸ்காரர்கள், சண்டைக்கு வந்தவர்கள். என் தம்பி ஆர்லன் முக்காலியில் உட்கார்ந்து மரமீன் ஒன்றுக்குச் செவுள் வரைந்துகொண்டிருந்தான். தூரிகையைக் கீழே வைக்கவில்லை. நான் மூலையில் காய்ந்த மீன்களைச் செய்தித்தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

“அண்ணி, நீங்களே கேளுங்க இந்த அநியாயத்த” என்றாள் மார்லிஸ். புருஷனின் அக்காளை அண்ணி என்று கூப்பிட்ட பழக்கம், விவாகரத்துத் தீர்ப்பு வந்து ஒன்றரை வருஷமாகியும் அவளை விட்டுப் போகவில்லை.

“எங்கக்காவ இழுக்காத.”

“அவங்க எனக்கு இருபத்திரண்டு வருஷ அண்ணி. உன்னைத்தான் ரத்து பண்ணினேன், அவங்கள இல்ல.”

விஷயம் இதுதான். ஏரி உறைந்ததும் பனியில் ஓட்டை போட்டு, ஆர்லன் செதுக்கும் மரமீனைக் கயிற்றில் இறக்கி ஆட்டுவார்கள், நிஜ மீன் வேடிக்கை பார்க்க வரும், ஈட்டியால் குத்துவார்கள். அப்போது கை விறைக்காமலிருக்க மார்லிஸ் தைக்கும் தோல் கையுறை வேண்டும். கல்யாணமாகி ஒரே வீட்டிலிருந்த காலத்தில், சாப்பாட்டு மேசையின் இரண்டு முனைகளில் உட்கார்ந்து, ஆளுக்கொரு இணையதளம் போட்டார்கள். எத்தனை பேர் நம்மைக் கைகாட்டுகிறார்கள் என்று எண்ணித்தான் தேடுபொறி நமக்கு இடம் கொடுக்கும். அதனால் அந்த வருஷங்களில் ஊர் உலகமெல்லாம் ஒரே பேச்சு: உன் பக்கத்தில் என் பெயரைப் போடு, என் பக்கத்தில் உன் பெயரைப் போடுகிறேன். மொய் மாதிரிதான், வைத்தால் திருப்பி வைக்க வேண்டும். அவன் முதல் பக்கத்தில் ‘கை குளிர்கிறதா? மார்லிஸிடம் போங்கள்’. அவள் முதல் பக்கத்தில் ‘மீன் வரவில்லையா? ஆர்லனிடம் போங்கள்’. மரமீன் என்று தேடினால் அவன் மூன்றாவது, கையுறை என்று தேடினால் அவள் ஐந்தாவது.

பிரிந்தபோது படகு அவனுக்கு, தையல் இயந்திரம் அவளுக்கு என்று பத்து நிமிஷத்தில் முடிந்தது. மீதி ஒரு மணி நேரமும் இந்த இணைப்புக்காகத்தான். மூன்று குளிர்காலத்துக்கு இருவரும் அவரவர் முதல் பக்கத்திலிருந்து மற்றவரை எடுக்கக் கூடாது என்று எழுதிக்கொண்டார்கள். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “பிள்ளை இல்ல, நாயும் செத்துப்போச்சு, கடைசியில ரெண்டு பேருக்கும் பொதுவா இதுதானா?” என்று கேட்டார். இருவரும் ஒரே குரலில், “ஆமாங்கய்யா” என்றார்கள். அந்த வருஷம் அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு தடவைதான்.

இப்போது சனிக்கிழமை, ஆர்லன் அடுத்துக் கட்டிக்கொள்ளப்போகிற ஜனெல் இந்த வீட்டுக்குக் குடிவருகிறாள். பள்ளிக்கூடத்து நூலகத்தில் வேலை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உயர்த்தாமலே சொல்லியிருந்தாள்: “அந்தப் பேரு முதல் பக்கத்துல இருக்கிற வரைக்கும் நான் பெட்டியைக் கட்டமாட்டேன்.”

எடுத்தால் கோர்ட்டு, எடுக்காவிட்டால் ஜனெல் இல்லை. ஆர்லன் ஒரு வாரம் யோசித்துவிட்டு எழுத்தை வெள்ளையாக்கினான்.

“நல்லா கேட்டுக்க மார்லிஸ். ஒப்பந்தத்துல பேரு இருக்கணும்னுதான் போட்டிருக்கு. தெரியணும்னு எங்க போட்டிருக்கு? தேடுபொறி எழுத்தத்தான் படிக்கும், கலரையா பாக்குது? அதுக்கு நீ இருக்க. ஜனெல்லுக்கு நீ இல்ல. எல்லாருக்கும் திருப்தி.”

“திருப்தியா? அதுக்குக் கண்ணு இல்லாட்டியும் மூக்கு இருக்குய்யா! ஒளிச்சு வெச்சத மோந்து பாத்துச்சுன்னா, ஒளிச்சவனையும் சேத்து, ஒளிஞ்சிருக்கிறவளையும் சேத்து, நாப்பதாவது பக்கத்துல தூக்கிப் போட்டுரும். தூண்டில் விக்கிற ரோலண்டுக்கு என்ன ஆச்சு?”

“அவன் வேற என்னவோ பண்ணினான்.”

“இதேதான் பண்ணினான்! இப்ப அவன் பேரையே முழுசா அடிச்சுத் தேடினாலும் அவன் வரமாட்டேங்கிறான். ஏரி உறைய மூணு வாரம் இருக்கு. நான் வருஷம் பூரா தைக்கிறது அதுக்கப்புறம் வர்ற ஆறு வாரத்துல விக்கத்தான். உனக்குக் கல்யாண ஆசைன்னா, என் கடைய ஏன் காவு குடுக்கிற?”

அவள் குரல் அந்த இடத்தில் கொஞ்சம் உடைந்தது. ஆர்லன் தூரிகையைத் தண்ணீரில் போட்டான்.

“சும்மா ஒப்பாரி வெக்காத. நீ மட்டும் ஒழுங்கா? முதல் பக்கம்னா முதல் பக்கமா வெச்சிருக்க? ஊர்ல இருக்கிறவன் பேரையெல்லாம் கொண்டாந்து அதுலயே கொட்டி வெச்சிருக்க. இறக்க இறக்க வந்துக்கிட்டே இருக்கு. அரிசோனாவுல பல்செட்டு விக்கிறவனுக்கும் உன் கையுறைக்கும் என்னடி சம்பந்தம்?”

“அவனும் என் பேரப் போட்டிருக்கான்.”

“நான் எங்க இருக்கேன் தெரியுமா? இருநூத்திப் பதினாலாவது! மேல கிளிக்கூண்டுக்காரன், கீழ பல்செட்டுக்காரன், நடுவுல நான். போன வாரம் இருநூத்திப் பதினொண்ணு. எனக்கு மேல புதுசா மூணு பேர ஏத்தியிருக்க.”

அவன் இருநூற்றுப் பதினாலு என்று கத்தும்போதே கதவு திறந்துவிட்டிருந்தது. ஜனெல். கையில் காட்டரிசியும் கோழியும் போட்டு வேகவைத்த பாத்திரம், துண்டு சுற்றி. பூட்ஸை மிதியடியில் ஒழுங்காகக் கழற்றி ஜோடியாக வைத்தாள். அவர்கள் இருவரும் திரும்பவில்லை. நான் வாயைத் திறந்தேன். அவள் தலையை மெல்ல ஆட்டி, வேண்டாம் என்றாள். நான் ஒரு மீனை எடுத்து இன்னொரு தாளையும் சேர்த்துச் சுற்றினேன்.

“அது கிடக்கட்டும்” என்றான் ஆர்லன், எதையோ கண்டுபிடித்தவன் போல. “யாருக்கும் தெரியாதுன்னு நேத்து சாயங்காலந்தான் மாத்தினேன். இன்னிக்கு மத்தியானம் நீ இங்க நிக்கிற. கண்ணுக்கே தெரியாத எழுத்து உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?”

“காலையில காப்பியோட உக்காந்து பாத்தேன். என் இடம் காலியா இருந்துச்சு. மவுஸை அமுக்கி இழுத்தேன். நீலப் பட்டைக்குள்ள என் பேரு.”

“தினமும் பாப்பியா?”

“ஒப்பந்தம் போட்டா சரிபாக்கணும். எல்லாரும் செய்றதுதான். எல்லாப் பக்கத்தையும் நான் பாப்பேன்.”

“எல்லாப் பக்கத்தையும்?”

“எல்லாத்தையும்.”

“கிளிக்கூண்டுக்காரன் உன் பேரை எடுத்து ஒரு மாசமாச்சே, பாத்தியா?”

 மார்லிஸின் முகம் போன போக்கைப் பார்த்தால், கிளிக்கூண்டுக்காரன் செத்துப்போனான் என்று சொல்லியிருந்தாலும் இவ்வளவு தடுமாறியிருக்க மாட்டாள்.

“எடுத்துட்டானா?”

“எடுத்துட்டான். பல்செட்டுக்காரன் எழுத்தச் சின்னதாக்கிட்டான். நீதான் எவனையும் பாக்கிறதில்லையே.”

“படுபாவி” என்றாள். யாரை என்று தெரியவில்லை. பிறகு கையுறையைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு, “இப்ப என் பேருக்கு என்ன வழி? அதைச் சொல்லு” என்றாள்.

ஆர்லன் எழுந்துபோய்ச் சாய டப்பாக்களுக்கு நடுவிலிருந்த கணினி முன்னால் உட்கார்ந்தான். விசைப்பலகையில் இருந்த மரத்தூளை ஊதினான்.

“கறுப்பு முடியாது. சனிக்கிழம அவ வரணும்.”

“வெள்ளையும் முடியாது. என் கடை நிக்கணும்.”

“சாம்பல்?”

“என்ன சாம்பல்?”

“லேசா. உத்துப் பாத்தாத் தெரியிற மாதிரி.”

“போடு, பாப்போம்.”

அவன் போட்டான். அவள் பின்னாலிருந்து குனிந்தாள்.

“இது வெளிறிப்போன கஞ்சி மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம்.”

“இது?”

“இது மழைமேகம். இதுக்கும் அதுக்கும் நடுவுல.”

“நடுவுலன்னா இதுதான்.”

“கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாருய்யா. எங்க வெச்ச?”

“நெத்தியில இருக்கு.”

“எப்பவும் அங்கதான்” என்று அவளே அதை இறக்கி அவன் மூக்கின் மேல் வைத்தாள். இரண்டு நரைத்த தலைகள் ஒரே திரையை நோக்கிச் சாய்ந்திருந்தன. ஒரு சாம்பல், அதற்கடுத்த சாம்பல், மறுபடி பழைய சாம்பல். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு சுவருக்கு இவர்கள் இவ்வளவு பொறுமையாக நிறம் பார்த்து நான் கண்டதில்லை. சமையலறை இன்னும் பாதி பச்சை, பாதி மஞ்சள்தான்.

“இது” என்றாள் மார்லிஸ் கடைசியில். “இதுன்னா தேடுபொறியும் மோந்து பாக்காது, அவளுக்கும் உறுத்தாது.”

“அவளுக்குத் தெரியாது” என்றான் ஆர்லன். “அவ என் பக்கத்தையெல்லாம் திறந்தே பாக்கமாட்டா. நான் சொன்னா நம்புவா.”

ஜனெல் பாத்திரத்தை அடுப்பின் மேல் வைத்தாள். சத்தமில்லாமல்தான் வைத்தாள், ஆனாலும் இருவரும் திரும்பினார்கள். மார்லிஸ் அவன் தோளிலிருந்த கையை எடுத்தாள். அது அங்கே எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

“ஜனெல்!” என்றான் ஆர்லன். “இங்க பாரு, இது வெறும் தேடுபொறிக்காக. வேற ஒண்ணுமில்ல. இவதான் தினமும் வந்து வந்து பாக்கிறா, நான் என்ன செய்ய முடியும்?”

ஜனெல் பாத்திரத்தைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து, நாலாக மடித்து, பக்கத்தில் வைத்தாள். நூலகத்தில் பேசுகிற அதே குரலில் கேட்டாள்:

“அவங்க தினமும் வந்து பாத்தது அவங்க பேரை, அது எனக்குப் புரியுது ஆர்லன். இருநூத்திப் பதினாலு வரைக்கும் நீங்க வாராவாரம் உக்காந்து எண்ணினது எதுக்கு?”