ஏதோ கொஞ்சம்

குன்றிலிருந்து ஆடுகளை இறக்கிப் பட்டியில் அடைத்து முடிக்கும்போது காலை மணி பதினொன்று. தூறல் கடற்காற்றோடு சேர்ந்து முகத்தில் அறைந்தது. அதைக் குன்று என்பதே மரியாதைக்குத்தான். ஒரு புகைக்குழாய்ப் புகையிலை தீர்வதற்குள் உச்சிக்குப் போய்விடலாம். ஆனால் நான்கு வீட்டு ஆடுகளுக்கும் மேய்ச்சல் அதில்தான்.

பெய்கி ஒரு பெட்டையாட்டை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக் குளம்பைச் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு லாக்லான் மழைக்கோட்டிலிருந்து கடிதத்தை எடுத்தார்.

"தீவை வாங்கின புது முதலாளி எழுதியிருக்கார். குன்றுல இனிமே பதினஞ்சு ஆடுதானாம். மிச்ச இடத்துல வேலி போட்டு மரம் நடப்போறாங்க. சம்மதிச்சாத்தான் குத்தகை."

"பதினஞ்சா? என் நாயே சிரிக்கும்!" என்றான் அடுத்த வீட்டு ரோரி.

"இங்க உள்ளவங்க சொன்ன கணக்காம். எந்த மடையன் சொன்னானோ!"

பெய்கியின் கத்தி நின்றது.

ஏப்ரலில், அவள் துப்புரவு வேலை செய்யும் முதலாளி மாளிகையில், அலுவலகத்து ஆள் தேநீர் குடித்தபடி குன்றில் எத்தனை ஆடு மேய்கிறது என்று கேட்டான். ஒரு வீட்டில் எத்தனை ஆடு என்று தீவில் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் யாரும் சொல்வதில்லை. "ஏதோ கொஞ்சம். பத்துப் பதினஞ்சு இருக்கும்" என்று சிரித்துவைத்தாள். உள்ளூர்க்காரர்களாக இருந்தால் பத்தால் பெருக்கிக்கொண்டிருப்பார்கள்.

"நான்தான்," என்றாள்.

"அவன் எழுதிக்கறான்னு தெரியலையா பெய்கி?"

"பேனாவைப் பாத்தேன் ரோரி. நிறையச் சொன்னா பெருமையடிக்கிற மாதிரி இருக்குமேன்னு..."

யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நேத்தே போன் பண்ணிட்டேன்," என்றார் லாக்லான். "நூத்து நாப்பதுன்னு சொன்னா, இப்பப் போய் கூட்டிச் சொல்றீங்களேங்கறாங்க."

நீலச் சாயக் கட்டியை எடுத்தார். "மிச்சத்துக்கு லாரி சொல்லிட்டேன். இருக்கப்போற பதினஞ்சைக் குறிப்போம். முதல்ல பெய்கியோடது. தனியா இருக்கற பொம்பளை."

"வேணாம் லாக்லான். என்னோடதை எல்லாத்தையும் சந்தைக்கு அனுப்பிடுங்க."

"கொம்பைப் பிடிம்மா."

பிடித்தாள். அவளுடைய ஆறு ஆடுகளின் முதுகில் நீலக்கோடு விழுந்தது. தூறலிலும் முகம் எரிந்தது. ரோரிக்கும் மற்ற இரண்டு வீட்டுக்கும் மும்மூன்றுதான். ரோரி அடுத்த ஆட்டைத் தள்ளிவிட்டான்.

பட்டிக்கதவு திறந்ததும் பதினைந்தும் பழகிய தடத்தில் மேலே ஓடின. மற்றவை பலகைச் சட்டத்தில் மார்பை முட்டிக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக் கத்தின. பின்னால், மதியக் கப்பலுக்குப் போகும் லாரி பலகையை இறக்கிக் காத்திருந்தது. மூவரும் கொம்புகளைப் பற்றி, ஒவ்வொன்றாக, அவற்றைக் குன்றுக்கு முதுகு காட்டித் திருப்ப வேண்டியிருந்தது.