கதிர் பட்ட கூல்சிம்

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவன் ஜுமாதில். செமேய் நகரத்துக்குப் பக்கத்திலிருந்த அணுகுண்டுச் சோதனைத் திடலை மூடிய நாளென்று ஒவ்வொரு ஆகஸ்ட்டிலும் மேடை ஏறுவான். கதிர்வீச்சால் சீரழிந்த நம் மக்களுக்காகத் தொண்டை கம்மப் பேசுவான். நானும் ஒரு தடவை அதைக் கேட்டு அழுதிருக்கிறேன். வீணாய்ப் போன கண்ணீர்.

அவன் மனைவி கூல்சிம் என் பெரியம்மா மகள். அவளுக்கு மார்பில் பட்டாணி அளவில் ஒரு கட்டி வந்தது. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பக் கட்டம் என்றார்கள். அல்மாட்டி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, தைப்பதற்கு முன்பே, அது இருந்த குழியில் உருண்டை முனைக் குழாய் ஒன்றை வைத்து அரை மணி நேரம் போலக் கதிர் கொடுத்துவிடுவார்களாம். வாரக்கணக்கில் தினமும் கதிருக்கு அலைய வேண்டியிருக்காது. ஒரு நாள் ரயில் தூரத்தில் இருக்கிறவளுக்கு வேறென்ன வேண்டும்?

ஜுமாதிலுக்குப் பரீட்சை வேலையாம். கூடப் போனது நான். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இவள் பக்கத்தில் சின்னப் பிள்ளைகள்கூட வரலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "விளக்கை அணைச்ச பிறகு ரூமுக்குள்ள வெளிச்சம் தங்குமா? அப்படித்தான் இதுவும். தாராளமா வரலாம்" என்றார். அதை அப்படியே ஜுமாதிலுக்குப் போனில் சொன்னேன்.

நாங்கள் ஊர் திரும்பியபோது அவன் படுக்கை வீட்டில் இல்லை. கொல்லையிலிருந்த வெந்நீர்க் குளியல் குடிசைக்குப் போயிருந்தது. பார்க்க வந்த அவன் தங்கை மைரா கூல்சிமுக்கு மட்டும் தேநீரைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றி வாசற்படியிலேயே வைத்துவிட்டு நகர்ந்தாள். என்ன கூத்து இது என்று அவனைக் கேட்டேன்.

"உடம்புக்குள்ளயே கதிர் வச்சிருக்காங்க. சும்மாவா? நான் இயற்பியல் படிச்சவன்" என்றான்.

இந்த இயற்பியலைத்தான் ஊர்ப் பிள்ளைகள் இவனிடம் படித்துத் தொலைக்கிறார்கள்.

மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து கதிர் அளக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆட்டுத்தோல் கையுறை மாட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டி மனைவியின் மார்புக்கு நேரே பிடித்தான். முள் அசையவில்லை. அடுப்புச் சாம்பலுக்கு நேரே பிடித்தான். நிலக்கரிச் சாம்பலில் எப்போதும் இருக்கிற துளிக் கதிருக்கு முள் கொஞ்சம் அசைந்தது. கருவி பழசு, நம்ப முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் குடிசைக்குப் போனான். கூல்சிம் அவ்வளவு நேரமும் தேநீரைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பிறகு பாத்திரம் கழுவும்போது என்னிடம் சொன்னாள்: "கத்தி பட்ட இடம்கூட இப்படி வலிக்கலடி. கையுறை மாட்டினாரே, அதான்."

சில வாரம் கழித்து அல்மாட்டியிலிருந்து பேசினார்கள். வெட்டிய ஓரங்களில் எதுவும் மிச்சமில்லை, அக்குள் நிணநீர்க் கணுக்களும் சுத்தம், இனிமேல் மாத்திரை மட்டும் போதும் என்றார்கள். அந்த வாரமே உறைபனி விழ ஆரம்பித்தது. குடிசையின் சுவர் மெல்லிசு. சாயங்காலம் ஜுமாதில் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். மூக்கு சிவந்திருந்தது.

"விசாரிச்சுட்டேன். ஒரு ஆபத்தும் இல்லையாம்" என்றான்.

கூல்சிம் வாசல் நிலையில் கை ஊன்றி நின்றாள். குரலை உயர்த்தவில்லை. "டாக்டர் சொன்னப்போ நம்பல. கருவி சொன்னப்போ நம்பல. குளிர் சொன்னதும் நம்பிட்டீங்களா வாத்தியாரே?"

அவன் ஊர் பார்க்கிறது, மானம் போகிறது என்று முனகினான்.

"மைரா வீட்டு அடுப்பு நல்லா எரியும். போங்க."

போனான். மெத்தையின் ஒரு முனை பனியில் இழுபட்டுக்கொண்டே போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாவம் என்று தோன்றுமா எனக் காத்திருந்து பார்த்தேன். தோன்றவில்லை.

இன்னும் அங்கேதான் இருக்கிறான். அண்ணன் நல்ல இறைச்சியாகப் பொறுக்கித் தின்கிறானென்று மைரா புலம்புகிறாள். கூல்சிமிடம் சமாதானம் பேசச் சொல்லி என்னிடம் வந்தாள். அவனுக்குத் தனிக் கிண்ணம் வை என்று அனுப்பிவிட்டேன்.

வசந்தத்தில் பரிசோதனைக்கு நாங்கள் இருவரும் மறுபடி ரயில் ஏறினோம். உஷ்டோபே நிலையத்தில் தலைமுறைகளாக அங்கே குடியிருக்கும் கொரியப் பெண்களிடம் காரமான கேரட் சாலட் வாங்கினோம். கூல்சிம் தன் பங்கைத் தின்று முடித்து, என் பங்கிலும் கை வைத்தாள்.